பொதுப் பார்வைக் கோப்பில் ஒரு எருவண்டி

லவோன் குச்சேராவுக்கு உட்கார்ந்திருப்பதுதான் உத்தியோகம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காலை ஒன்பது மணிக்கு ஹாவ்லிக் ஊர் வானொலி நிலையத்தின் பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, நாற்காலியில் உட்கார வேண்டும். மாலை ஐந்து மணிக்கு எழுந்திருக்க வேண்டும். நடுவில் எதையும் தொடக்கூடாது. பின்னறையில் ஒரு கணிப்பொறி தன்பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டிருக்கும். டென்வரிலிருந்து வரும் பாட்டையும் பேச்சையும் வாங்கி நெப்ராஸ்கா சோளக்காடுகளுக்கு மேலே அனுப்புவது அதன் வேலை. அதைத் தொட்டால் கம்பெனிக்குக் கோபம் வரும்.

ஒன்றையும் தொடாத ஆளுக்கு எதற்குச் சம்பளம் என்று கேட்டால், சட்டம். ஒவ்வொரு நிலையமும் தனக்கு உரிமம் தரப்பட்ட ஊர்ப்பக்கத்திலேயே ஒரு ஸ்டுடியோ வைத்திருக்க வேண்டும், அதில் அலுவலக நேரம் முழுக்க மேலாளர் ஒருவரும் ஊழியர் ஒருவரும் உயிரோடு இருக்க வேண்டும் என்று வாஷிங்டனில் ஒரு விதி இருந்தது. உயிரோடு என்ற சொல் விதியில் கிடையாது. அது எல்டனின் சேர்க்கை.

எல்டன் போக்கோர்னிதான் அந்த ஊழியர். லவோனின் கணவர் லெனார்டுக்குச் சின்னம்மா மகன், தம்பி முறை. நாற்பது வருடம் பண்ணை ஏலம் விட்டவர். மாடு, டிராக்டர், செத்தவர் வீட்டுச் சாமான் என்று எதை நீட்டினாலும் மூச்சு விடாமல் விலை ஏற்றுவார். இப்போது சுவரோரம் இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணி, மேலாளர் காபி போட்டா ஊழியன் குடிப்பான்."

"ஊழியன் போட்டா மேலாளர் குடிக்கமாட்டாளா?"

"விதியில ஊழியன் இருக்கணும்னுதான் போட்டிருக்கு. எந்திரிக்கணும்னு போடல."

அந்த நிலையத்துக்கு லவோன் முதல்முதலாக வந்தது 1979இல், ஒரு கல்யாண உடையை விற்பதற்காக. அப்போது நிலையம் எமில் செட்லாக் என்கிற உள்ளூர்க்காரருக்குச் சொந்தம். தினமும் காலை பத்து மணிக்குக் 'கொடுக்கல் வாங்கல்' என்று அரைமணி நேர நிகழ்ச்சி. விற்க வேண்டியது, வாங்க வேண்டியது, தொலைந்த நாய், கிடைத்த நாய், அடக்கப் பூசை, மாதா கோவில் விருந்து எல்லாம் அதில் வரும். லவோனுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை, கல்யாணத்துக்கு ஒன்பது நாள் முன்பு, நெப்ராஸ்கா தட்டையாக இருக்கிறது என்று காரணம் சொல்லிவிட்டு ஒரேகானுக்குப் போய்விட்டான். "வெள்ளைக் கல்யாண உடை, பத்தாம் அளவு, ஒருமுறைகூட உடுத்தாதது" என்று எழுதிக்கொண்டு வந்தாள். அதைப் படிக்கப் போன அறிவிப்பாளருக்கு "ஒருமுறைகூட" என்ற இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி ஆரம்பித்தார், மறுபடி சிரித்தார். லவோன் ஒலிவாங்கியைப் பிடுங்கித் தானே படித்தாள். உடையின் நீளம், கை வேலைப்பாடு, ஒரேகானுக்குப் போனவனின் குணநலன், எல்லாவற்றையும் படித்தாள். எமில் செட்லாக் அன்றைக்கே வேலை கொடுத்தார். தங்கைக்கு உடை வேண்டும் என்று தொலைபேசியில் கூப்பிட்ட லெனார்ட் குச்சேரா, உடையைப் பார்க்க நாலு தரம் வந்தான், தங்கையை ஒருதரமும் கூட்டி வரவில்லை. அடுத்த வசந்தத்தில் லவோன் அதே உடையை உடுத்திக்கொண்டாள். "அந்தக் கல்யாண உடை விற்பனைக்கு இல்லை" என்று அவளேதான் வானொலியில் சொன்னாள்.

பத்தொன்பது வருடம் அந்த அரைமணி நேரம் அவளுடையது. அதற்கு முடிவு கட்டுகிற மாதிரி வாஷிங்டனில் ஒரு காரியம் செய்தார்கள். ஒருவர் இத்தனை வானொலி நிலையங்களுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்று முன்பு ஒரு வரம்பு இருந்தது. நாடு முழுவதற்குமான அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். உடனே பெரிய கம்பெனிகள் தட்டில் இருக்கிற பட்டாணியைப் பொறுக்குவதுபோலச் சின்ன நிலையங்களைப் பொறுக்கின. எமில் விற்றார். வாங்கியவன் இன்னொருவனுக்கு விற்றான். 1998இல் ஹாவ்லிக் நிலையம் டென்வர் கம்பெனி ஒன்றின் நூற்று நாற்பதில் ஒன்று ஆனது.

டென்வரிலிருந்து ப்ரோடி என்று ஒரு குரல் வந்தது. "காலை வணக்கம் ஹாவ்லிக்! நம்ம ஊர்ல இன்னிக்கு என்ன அருமையான வெயில்!" என்று அந்தக் குரல் சொன்னபோது, ஆலங்கட்டி விழுந்து கோவில் வாசலில் நின்ற பதினேழு கார்களின் கண்ணாடி உடைந்துகொண்டிருந்தது. நம்ம ஊர் என்றானே, எந்த வீட்டில் குடியிருக்கிறான் என்று கோவில் பெண்கள் ஒரு தட்டுக் கொலாச்சி ரொட்டியை வைத்துக்கொண்டு ஒரு வாரம் தேடினார்கள். ப்ரோடி அதே வெயிலைப் பதினோரு ஊர்களுக்குச் சொல்கிறான், ஊர்ப்பெயரை மட்டும் கணிப்பொறி மாற்றிப் போடுகிறது என்று லவோன்தான் விளக்கினாள். ரொட்டியை எல்டன் தின்றார். வருடங்கள் போகப் போக ப்ரோடிகளும் மாறினார்கள், பெயர் மட்டும் மாறவில்லை. அது ஆளின் பெயரல்ல, வேலையின் பெயர் என்று லவோன் முடிவுக்கு வந்தாள்.

ஏழு வருடம் இப்படி உட்கார்ந்திருந்தாள். 2005இல் லெனார்ட் செத்துப்போனார். சாவுச்சேதி சொல்ல வானொலி இல்லாததால் பாதி ஊருக்கு அடக்கம் வியாழன் என்று தெரிந்தது, பாதி ஊருக்கு வெள்ளி என்று தெரிந்தது. வெள்ளிக்கிழமைக்காரர்கள் பாத்திரம் பாத்திரமாக உணவை ஏந்திக்கொண்டு பூட்டிய கோவில் வாசலில் நின்றார்கள். பிறகு அதே பாத்திரங்களோடு லவோனின் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே மன்னிப்புக் கேட்டார்கள். லெனார்டுக்குப் பிடித்த வாத்து வறுவல் மட்டும் பதினான்கு வந்தது. அத்தனை பேரும் அவரை ஒருதரம் பார்க்கத்தான் வந்திருந்தார்கள். பார்க்க முடியவில்லை.

திங்கட்கிழமை வேலைக்கு வந்தவள், கோபத்தில் தன் நிலையத்துக்கே ஒரு கடிதம் எழுதினாள். "நீங்கள் சாவு அறிவிப்பு சொல்வதில்லை. சொல்லியிருந்தால் லெனார்ட் குச்சேராவுக்கு வியாழக்கிழமை பத்து மணிக்கு அடக்கப் பூசை என்று சொல்லியிருப்பீர்கள்." எழுதி முடித்த பிறகுதான், கடிதத்தைப் பெற்றுக்கொள்ள வேண்டிய மேலாளர் தானேதான் என்று உறைத்தது. மேலாளர் என்ன செய்ய வேண்டும் என்று பார்க்க, கம்பெனி கொடுத்திருந்த விதிப்புத்தகத்தை முதல்முறையாகப் பிரித்தாள்.

அதில் இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று, நிலையத்தைப் பற்றி நேயர்கள் எழுதும் கடிதங்களைப் பொதுப் பார்வைக் கோப்பு என்ற ஒன்றில் மூன்று வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இன்னொன்று, அலுவலக நேரத்தில் யார் உள்ளே வந்து கேட்டாலும், ஏன் எதற்கு என்று கேட்காமல் அந்தக் கோப்பைக் காட்ட வேண்டும்.

லவோன் இந்த இரண்டையும் மூன்றுதரம் படித்தாள்.

"எல்டன், இங்க வா."

"வரணும்னு விதியில இருக்கா?"

"வாய்யான்னா."

அன்று மதியமே டெல்மர் சௌபெக் வந்தார். ஊருக்கு வடக்கே பண்ணை வைத்திருப்பவர். அவரிடம் டிராக்டருக்குப் பின்னால் பூட்டி வயலில் எருவை வீசுகிற வண்டி ஒன்று இருந்தது. 1988இல் வாங்கியது. 1991இலிருந்து அதை விற்றுக்கொண்டிருந்தார். லவோனின் நிகழ்ச்சியில் வாரம் ஒருமுறையாவது அந்த எருவண்டி வரும். நிகழ்ச்சி நின்றதில் யாருக்கு நஷ்டமோ இல்லையோ, தனக்குப் பெரிய நஷ்டம் என்று வாரம் ஒருமுறையாவது வந்து சொல்லிவிட்டுப் போவார்.

"சும்மா சொல்லாத டெல்மர். எழுதிக் குடு" என்றாள் லவோன். "நிகழ்ச்சியப் பத்தி ஒரு வரி முதல்ல எழுது. அது இருந்தாத்தான் நேயர் கடிதம்."

டெல்மர் நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினார். "உங்கள் நிகழ்ச்சிகளில் என் எருவண்டியைப் பற்றி ஒன்றுமே வருவதில்லை. 1988 மாடல். ஒரு சக்கரம் புதுசு."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு மாதத்தில் ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. முதல் வரி நிகழ்ச்சிக்கு, மிச்சமெல்லாம் நமக்கு.

"உங்கள் காலைப் பாட்டு சத்தமாக இருக்கிறது. அந்தச் சத்தத்தில்தானோ என்னவோ என் சிவப்புக் கிடாரி வேலி தாண்டிவிட்டது. இடது காதில் 47 என்று பட்டை இருக்கும்."

"ப்ரோடியின் குரல் இனிமை. எங்கள் பூனையும் இனிமை. ஆறு குட்டி போட்டிருக்கிறது, இலவசம். ப்ரோடியும் இரண்டு எடுத்துக்கொள்ளலாம்."

"நேற்றைய வானிலை தவறு. ஞாயிற்றுக்கிழமை கோவில் கூடத்தில் பன்றி வறுவலும் முட்டைக்கோசும். பெரியவர்கள் தனி வரிசை."

கடிதம் எழுதியவர்கள் அடுத்தவர் கடிதத்தைப் பார்க்க வந்தார்கள். பொதுமக்கள், கோப்பைப் பார்க்க உரிமை உள்ளவர்கள், விதிப்படி வந்தார்கள். கண்ணாடி மறந்து வந்தவர்களுக்காக எல்டன் எழுந்து படித்துக் காட்டினார். எல்டனை எழுந்திருக்க வைத்த ஒரே விஷயம் அதுதான். ஏலக்காரர் குரலில் பூனைக்குட்டி ஆறா ஆறா ஆறு என்று அவர் படிக்கப் படிக்க, இலவசம் என்று போட்டிருந்த குட்டிகளுக்கே இரண்டு பேர் போட்டிபோட்டு விலை சொன்னார்கள். நேரம் காலை பத்து மணி என்று யாரும் சொல்லாமலே அமைந்தது. அந்த அரைமணி நேரத்துக்குப் ப்ரோடியின் சத்தத்தைக் குறைத்து வைப்பார்கள். ஒருவர் சொல்வது இன்னொருவருக்குக் கேட்க வேண்டுமே.

ஒலிபரப்பு இல்லாத ஒலிபரப்பு. அந்த அறையைத் தாண்டி நாற்பதடிகூடக் கேட்காது. ஆனால் 2005க்குப் பிறகு ஹாவ்லிக்கில் யாருடைய அடக்கத்துக்கும் யாரும் ஒருநாள் பிந்தி வரவில்லை. லவோனுக்கு அது போதும் என்று சொல்ல முடியாது. கதவைப் பூட்டும்போது தினமும் அந்த ஒலிவாங்கியை ஒருதரம் பார்ப்பாள். அதன்மேல் ஒரு சாக்குத்துணி போர்த்தியிருந்தது.

மூன்று வருடமானால் கடிதங்களைத் தூக்கிப்போடலாம் என்று விதி. லவோன் ஒன்றையும் தூக்கிப்போடவில்லை. பன்னிரண்டு வருடத்தில் ஏழு இரும்பு பீரோக்கள் நிரம்பின. அவற்றில் ஒன்று முழுக்க டெல்மரின் எருவண்டி.

2018 ஜனவரி. பனி இடுப்பளவு கிடந்த ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகாலுக்கு, டென்வரிலிருந்து ட்ரென்ட் என்ற இளைஞர் வந்தார். கம்பெனியின் மண்டலத் துணைத் தலைவர். பனிக்குத் தோதுப்படாத காலணி. கதவைத் திறந்தவர், முப்பத்தொரு பேர் ரொட்டி தின்றுகொண்டிருப்பதையும், ஒரு கிழவர் நாற்காலிமேல் நின்று, காதில் 212 என்று பட்டை மாட்டிய யாருடைய கிடாரியையோ பற்றிக் கத்திக்கொண்டிருப்பதையும் பார்த்தார்.

"மேடம், இவங்கல்லாம் யாரு?"

"பொதுமக்கள், தம்பி. கோப்பு பார்க்க வந்திருக்காங்க. ரொட்டி எடுத்துக்கோ, பிளம் வச்சது."

"எந்தக் கோப்பு?"

லவோன் ஏழு பீரோக்களையும் காட்டினாள். ட்ரென்ட் ஒன்றைத் திறந்தார். "உங்கள் விளம்பரங்கள் நீளம். எருவண்டி, 1988" என்று இருந்தது. அடுத்ததைப் படித்தார். எருவண்டி. அடுத்தது எருவண்டி.

"மேடம்... நேயர் கடிதத்தை வச்சிருக்கணும்ங்கற விதியைப் போன வருஷமே எடுத்துட்டாங்களே."

எல்டன் நாற்காலியிலிருந்து இறங்கினார்.

"அப்ப இத்தனை மாசமா நாங்க விதியே இல்லாமயா படிச்சோம்?"

"விதி இல்லாம இவ்வளவு ஒழுங்கா இருந்திருக்கோம்" என்று யாரோ பெருமைப்பட்டார்கள்.

ட்ரென்ட் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே மிச்சத்தையும் சொன்னார். ஊரில் ஸ்டுடியோ இருக்க வேண்டும், அதில் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற விதியையும் எடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமையோடு கதவை மூடுகிறோம். மேலாளருக்கும் ஊழியருக்கும் கம்பெனியின் நன்றி. நன்றியை ஒரு கண்ணாடிச் சட்டத்தில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அதில் லவோன் பெயருக்குப் பதிலாக வேறொரு ஊர்ப் பெண்மணியின் பெயர் இருந்தது.

லவோன் அதை வாங்கிப் பார்த்தாள். "இந்தம்மாவுக்கு என் பேர் போட்டது போயிருக்கும். போன்ல கேட்டு மாத்திக்கறோம்" என்றாள். குரல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ட்ரென்டுக்கு இரண்டாவது ரொட்டி கொடுக்கவில்லை. அதை ஊரே கவனித்தது.

"புது விதிப்புத்தகம் இருக்கா தம்பி?"

"மேடம், இனிமே உங்களுக்கு எதுக்கு?"

"படிக்கத்தான்."

நாலு பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். லவோன் படித்தாள். ஸ்டுடியோ வேண்டாம், ஆள் வேண்டாம், கடிதம் வேண்டாம், கோப்பைக் கணிப்பொறியில் போட்டால் போதும். கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயம் மட்டும் மிச்சம் இருந்தது. நிலையம் தன் ஊர் மக்கள் காசில்லாமல் கூப்பிடும்படி ஒரு தொலைபேசி எண் வைத்திருக்க வேண்டும். அலுவலக நேரத்தில் அதை ஒரு ஆள் எடுக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஏழு பீரோக்களையும் எல்டனின் மாடு ஏற்றுகிற டிரெயிலரில் ஏற்றி லவோனின் கார் கொட்டகையில் இறக்கினார்கள். கிளம்புமுன் எல்டன் டென்வரின் அந்த இலவசத் தொலைபேசி எண்ணை ஏலத்தில் விலை ஏற்றுவதுபோலப் பத்துதரம் சொன்னார். எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஹாவ்லிக்கில் யாரும் யாரையும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். மரியாதைக்காரர்கள். அந்த மரியாதைதான் சிக்கல். ஒருவரிடம் பேசிவிட்டு உடனே போய்விடுவது அங்கே பெரிய அவமரியாதை. "சரி, அப்ப நான் கிளம்பறேன்" என்று தொடையில் தட்டிச் சொன்ன பிறகு அரைமணி நேரம் கிளம்புவார்கள். சொன்ன இடத்தில் கொஞ்சம், கதவருகில் கொஞ்சம், படியில் கொஞ்சம், கார் கண்ணாடியை இறக்கி மீதி. தொலைபேசியிலும் அப்படியே. இரண்டு பேருமே அப்படிப் பழகியவர்கள் என்றால் எப்படியோ ஒரு இடத்தில் முடிந்துவிடும்.

டென்வரில் தொலைபேசியை எடுத்த பெண்ணுக்கு அந்தப் பழக்கம் இல்லை. திங்கட்கிழமை காலை முதல் அழைப்பு, பூனைக்குட்டிக்காரி மார்செல்லா ஹ்ருஷ்கா.

"உங்க காலைப் பாட்டு ரொம்ப நல்லாருந்துச்சும்மா. அப்புறம் எங்க வீட்டுல ஊறுகாய் ஜாடி எட்டு மிச்சமிருக்கு, யாருக்காச்சும் வேணும்னா. சரிம்மா, வைக்கட்டுமா? உங்க ஊர்ல பனி எப்படி? அப்படியா! சரி, உன் நேரத்த வீணாக்கல. ஏம்மா, குரல் கம்முது, சளியா? மிளகும் தேனும்... சரி, வச்சிர்றேன். உங்கம்மா எந்த ஊரு?"

நாற்பத்திரண்டு நிமிடம். ஒரு கெட்ட சொல் கிடையாது, வைத்துவிட ஒரு சாக்கும் கிடையாது. அதற்குள் வரிசையில் பதினாறு பேர். நிலையத்தின் அழைப்பை எடுத்தே ஆக வேண்டும் என்று விதி. புதன்கிழமைக்குள் அந்தப் பெண் தன் அம்மாவின் முழங்கால் வலிக்கு ஹாவ்லிக்கிலிருந்து மூன்று வைத்தியம் வாங்கியிருந்தாள். வியாழக்கிழமை அழைப்புகளைப் ப்ரோடிக்குத் திருப்பிவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் லவோன் வீட்டுச் சமையலறையில் தொலைபேசி அடித்தது.

"மேடம், நான் ப்ரோடி."

கேட்ட குரல்தான். ஆனால் வெயில் இல்லை.

"சொல்லுப்பா. உன் நெஜப் பேரே அதுதானா?"

"இல்ல மேடம், கெவின். மேடம், கிடாரின்னா என்ன?"

"கன்னு போடாத பசு."

"212ன்னு ஒருத்தர் நேத்துலேருந்து கூப்பிடறாரு. அப்புறம் டெல்மர்னு ஒருத்தர். அவர நான் என்ன பண்ண?"

"ஒருதரம் சொல்லிடேன், உன் வாயால. அப்புறம் கூப்பிடமாட்டார்."

கெவின் அப்பாவி. அன்று காலை வெயிலைப் பற்றிச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் சொன்னான். "அப்புறம் நேயர்களே, நம்ம டெல்மர்கிட்ட ஒரு எருவண்டி விற்பனைக்கு இருக்கு. 1988 மாடல். ஒரு சக்கரம் புதுசு!" தொலைபேசி எண்ணையும் சொன்னான். ப்ரோடி சொல்வது பதினோரு ஊர்களுக்கும் போகும் என்பது அவனுக்கே அந்த நேரத்தில் மறந்துவிட்டது. ஐந்து மாநிலங்களில் எருவண்டி வாங்க ஆள் புறப்பட்டது.

மறுநாள் டெல்மர் லவோனின் சமையலறையில் வந்து உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"வித்துட்டேன் லவோன்."

"என்னத்த?"

"வண்டிய. கன்சாஸ்லேருந்து ஒருத்தன் ஆறு மணி நேரம் ஓட்டிக்கிட்டு வந்து நிக்கறான். என்னன்னு சொல்றது? ஏத்திட்டுப் போயிட்டான்."

"நல்லதுதானே! இருபத்தேழு வருஷமா அதத்தானே சொன்ன?"

"விக்கணும்னு சொன்னேன். வித்துருவேன்னா சொன்னேன்?" டெல்மர் தொப்பியைப் பார்த்தார். "கொட்டகை ஒரு மாதிரி இருக்கு. காலையில எந்திரிச்சா யாருகிட்டயும் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல."

நாற்காலியில் எப்போதும்போல உட்கார்ந்திருந்த எல்டன், "யோவ், ஒனக்கு வண்டி வேண்டாம், வாய்தான் வேணும்" என்றார். விதி போனாலும் ஊழியர் தினமும் ஒன்பது மணிக்கு வந்து, மாலை ஐந்து மணிக்குத்தான் எழுந்தார்.

திங்கட்கிழமை ட்ரென்ட் கூப்பிட்டார். குரல் பனியில் நனைந்த காலணிபோல இருந்தது. டென்வர் மேசையில் இருந்த பெண் லீவில் போய்விட்டாள். எருவண்டி கேட்டு ஐடஹோவிலிருந்து இன்னும் கூப்பிடுகிறார்கள். ஹாவ்லிக் எண்ணை மேடத்தின் வீட்டுக்கே திருப்பிவிடுகிறோம், மேடம் எடுத்துப் பேசினால் போதும், பழைய சம்பளம்.

"எடுக்கறேன் தம்பி. எனக்குக் காலையில பத்துலேருந்து பத்தரை வரைக்கும் வேணும்."

"எது?"

"ஒலிபரப்பு. நான் இங்க போன்ல பேசினா நீங்க அங்கேருந்து அனுப்பலாம். பந்து விளையாட்டுக்கு அப்படித்தானே பண்றீங்க."

"மேடம், கணிப்பொறியில அரைமணி நேரமே கிடையாது. எல்லாம் மூணு மணி மூணு மணியா ஓடுது. முடியவே முடியாது."

"சரிப்பா" என்றாள் லவோன். "அப்ப வச்சிரட்டுமா?"

"தேங்க்ஸ் மேடம்."

"ஒன் நேரத்த வீணாக்கல. ஷூ மாத்தினியா? அன்னிக்குப் பார்த்தேன், மனசே கேக்கல. சரி, வைக்கறேன். ஒங்கப்பா என்ன பண்றாரு?"

ட்ரென்ட் நல்லபடியாக வளர்க்கப்பட்டவர். பெரியவர்கள் பேசும்போது தொலைபேசியை வைத்துவிட அவருக்கு வராது. ஐந்தாவது நிமிடம் அப்பாவின் தொழில் முடிந்தது. ஒன்பதாவது நிமிடம் அவருக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பது முடியவில்லை. எல்டன் கடிகாரத்தைப் பார்த்து விரல்களை நீட்டிக்கொண்டிருந்தார். பதினான்காவது நிமிடம் லவோன் மூன்றாவது முறையாக "சரி, அப்ப நான் வச்சிர்றேன்" என்றாள். வைக்கவில்லை. கல்யாண உடையை ஆரம்பித்தாள். ஒரேகானில் தொடங்கி லெனார்டுக்கு வந்தாள். வியாழனுக்கும் வெள்ளிக்கும் வந்தாள். பதினான்கு வாத்து வறுவல்களுக்கு வந்தபோது குரல் கொஞ்சம் தடுமாறியது. அந்த ஒரு இடத்தில் மட்டும் அவள் தந்திரம் எதுவும் செய்யவில்லை.

"தம்பி, இருக்கியா?"

"இருக்கேன் மேடம்." பத்தொன்பதாவது நிமிடம். "பத்துலேருந்து பத்தரையா?"

"ஆமா."

"ஹாவ்லிக்குக்கு மட்டும். மத்த பத்து ஊருக்கும் போகக்கூடாது."

"மத்த ஊருக்கெல்லாம் எதுக்குப்பா எங்க ஊர்ப் பூனை?"

அடுத்த திங்கட்கிழமை பத்து மணிக்கு, அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்த தொலைபேசியைக் காதில் இடுக்கிக்கொண்டு, மேசையில் கடிதங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு லவோன் நின்றாள். உட்காரவில்லை. இருபது வருடமாக உட்கார்ந்தாகிவிட்டது. கார் கொட்டகையில், பீரோக்களுக்கு நடுவில், முப்பது பேர் எல்டனின் பழைய டிரான்சிஸ்டரைச் சுற்றி நின்றார்கள். வீட்டிலிருந்தே கேட்கலாமே என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

"ஹாவ்லிக், நான் லவோன்" என்றாள். கொட்டகையிலிருந்து கேட்ட சத்தத்தில் தொலைபேசியைக் கையால் பொத்த வேண்டியிருந்தது.

அடக்கம் ஒன்று, புதன்கிழமை பத்து மணிக்கு. அதை மூன்றுதரம் படித்தாள். மார்செல்லாவின் ஊறுகாய் ஜாடி எட்டில் ஐந்து பாக்கி. 212 கிடைத்துவிட்டது. இத்தனை நாளும் பக்கத்துப் பண்ணையில்தான் தின்றுகொண்டிருந்ததாம், மரியாதைக்காக அவர்கள் எதுவும் சொல்லவில்லையாம். ஒரு சளிமருந்துக் குறிப்பு, டென்வர் பெண்ணுக்கு. கடைசியாக ஒரு கடிதம், நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதிய எழுத்து.

"உங்கள் நிகழ்ச்சி இப்போதுதான் நிகழ்ச்சி மாதிரி இருக்கிறது. எருவண்டி ஒன்று வாங்குவதற்குத் தேவை. 1988 மாடலாக இருந்தால் நல்லது. ஒரு சக்கரம் புதுசாக இருக்க வேண்டும். அவசரமில்லை."

பத்தரைக்கு நிகழ்ச்சியை முடித்து லவோன் தொலைபேசியை மாட்டினாள். மாட்டிய கையை எடுப்பதற்குள் அது அடித்தது. ஊர் எண்ணுக்கு வந்த முதல் அழைப்பு. எடுத்தாள்.

"நான்தான்" என்றார் டெல்மர். கொட்டகையிலிருந்துதான் பேசினார், அவருடைய கைப்பேசியிலும் கொட்டகைப் பக்கத்துச் சன்னல் வழியாகவும் குரல் இரண்டு தரம் கேட்டது. "நல்லாப் படிச்ச."

"யாராச்சும் வண்டி இருக்குன்னு கூப்பிட்டாங்கன்னா ஒன் நம்பரக் குடுக்கட்டுமா?"

"ஐயய்யோ, அதெல்லாம் வேண்டாம்" என்றார் டெல்மர் பதறிப்போய். "நாளைக்கும் படிப்பேல்ல? சரி, அப்ப நான் வச்சிர்றேன். லவோன்... கொட்டகைக்கு வெளியில பனி எப்படி?"